டெலிகேட் ஆர்ச், மாலை வெயில், வைட் ஆங்கிள் லென்ஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், மோவாப் என்ற சின்ன ஊரை ஒட்டி ஆர்ச்சஸ் தேசியப் பூங்கா இருக்கிறது. நீரும் பனியும் குடைந்த பாறை வளைவுகள் அங்கே 2,000-க்கும் மேல். அவற்றில் ஒன்றான டெலிகேட் ஆர்ச் எந்தச் சுவரோடும் ஒட்டாமல், வழவழப்பான ஒரு பெரிய பாறைக் கிண்ணத்தின் விளிம்பில் இரண்டு கால் ஊன்றித் தன்னந்தனியாக நிற்கும். யூட்டா வண்டிகள் சிலவற்றின் நம்பர் பிளேட்டில் பார்த்திருப்பீர்கள். மூன்று தடவை மாலையில் ஏறி வைட் ஆங்கிள் லென்ஸில் (அகலமான காட்சியை அள்ளும் லென்ஸ், மி.மீ. எண் குறையக் குறைய அகலம் கூடும்) இதைப் படம் எடுத்திருக்கிறேன். போகப்போகிறவர்களும், போய்வந்து படம் சரியாக வரவில்லையே என்று வருந்துகிறவர்களும் என்னிடம் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

16 மி.மீ. லென்ஸில் எடுத்தேன், வளைவு நகம் அளவுக்குத்தான் இருக்கிறது. லென்ஸில் ஏதாவது கோளாறா?

லென்ஸ் நன்றாகத்தான் இருக்கிறது, நின்ற இடம்தான் தூரம். பாதை முடிந்து கிண்ணத்தின் விளிம்புக்கு வந்ததும் எதிரில் வளைவு திடீரென்று தெரியும், எல்லாரும் அப்படியே நின்றுவிடுவார்கள், நின்ற இடத்திலேயே கேமராவை எடுப்பார்கள். முதல் தடவை நானும் அங்கிருந்துதான் எடுத்தேன். வீட்டுக்கு வந்து பெரிய திரையில் பார்த்தால் வானம் நிறைய, பாறை நிறைய, நடுவில் ஒரு சின்ன வளையம்.

கணக்கு எளிது. வளைவின் உயரம் சுமார் 16 மீட்டர், ஐந்து மாடிக் கட்டடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபுல் ஃபிரேம் (பழைய ஃபிலிம் அளவுச் சென்சார் உள்ள) கேமராவைப் படுக்கைவாட்டில் பிடித்தால், படம் பதிவாகும் தகடான சென்சாரின் உயரம் 24 மி.மீ. 16 மி.மீ. லென்ஸோடு 100 மீட்டர் தள்ளி நின்றால் வளைவு சென்சாரில் இரண்டரை மி.மீ. உயரத்துக்குத்தான் விழும், அதாவது படத்தில் பத்தில் ஒரு பங்கு. 50 மீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு. 20 மீட்டருக்கு வந்தால் பாதிக்கு மேல். தூரத்தை இழுத்துக் காட்டும் டெலி லென்ஸில் பத்தடி முன்னே போனால் வித்தியாசம் ஒன்றும் தெரியாது, வைட் லென்ஸில் அதே பத்தடி படத்தையே மாற்றிவிடும். அதனால் முதலில் வந்து சேர்ந்த அரை மணி நேரம் கேமராவைப் பையிலேயே வைத்துவிட்டு, விளிம்பு நெடுக நடந்து பாருங்கள் என்றுதான் எல்லாரிடமும் சொல்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், எனக்கு இது புரிய இரண்டாவது பயணம் வரை ஆயிற்று. இந்த இடத்தில் வைட் லென்ஸ் மிக நன்றாக எடுப்பது அந்தக் கிண்ணத்தைத்தான். உங்கள் காலடியில் தொடங்கி, வரிவரியாகச் சரிந்து, குழிந்து, திரும்ப மேலேறி வளைவின் காலடியில் போய் முடிகிற அந்தப் பாறைத் தரை முழுவதையும் 50 மி.மீ. லென்ஸால் ஒரே படத்தில் அள்ள முடியாது. தரையை முதலில் தேர்ந்தெடுங்கள், வளைவை அதன் மேல் ஓரத்தில் நிற்க விடுங்கள்.

கிண்ணத்துக்குள் இறங்கலாமா?

மேல் விளிம்பை ஒட்டிக் கொஞ்சம் இறங்கலாம், பலரும் அங்கே உட்கார்ந்திருப்பார்கள். ஆனால் சரிவு கீழே போகப் போகச் செங்குத்தாகும், அது மேலிருந்து பார்த்தால் சரியாகத் தெரியாது. பாறைமேல் மணல் துகள் உதிர்ந்து கிடக்கும், உலர்ந்த பாறையில் நன்றாகப் பிடிக்கிற காலணிகூட அந்தத் துகளில் வழுக்கும். வ்யூஃபைண்டரில் கண்ணை வைத்துக்கொண்டு ஒரு அடிகூட எடுத்துவைக்காதீர்கள். குளிர்காலத்தில் நிழல் விழும் பக்கம் பனி உறைந்திருந்தால் அந்தப் பக்கமே வேண்டாம்.

பின்னால் தெரிகிற பனிமலை பெரிதாக வர வேண்டும். வைட் லென்ஸில் முடியுமா?

முடியாது. அது லா சால் மலைத்தொடர், அதன் உயரமான சிகரம் பீல், 3,877 மீட்டர். வளைவிலிருந்து தென்கிழக்கே சுமார் 40 கி.மீ. தள்ளி இருக்கிறது. 16 மி.மீ. லென்ஸில் அந்த மலை படத்தின் உயரத்தில் இருபத்தைந்தில் ஒரு பங்குதான், வெள்ளைக் கோடு மாதிரித் தெரியும். 70 மி.மீ. போட்டால் ஆறில் ஒரு பங்கு. காலண்டர்களில் வளைவுக்குள் மலை நிறைந்து நிற்கிற படங்கள் எல்லாம் தூரத்தில் நின்று நீளமான லென்ஸில் எடுத்தவை.

அப்புறம், வைட் லென்ஸோடு கீழே உட்கார்ந்து எடுத்தால் வளைவு வானத்தில் உயர்ந்து நிற்கும், மலை இறங்கி விளிம்புக்குப் பின்னால் மறைந்துபோகும். எழுந்து நின்று, கைகளையும் உயர்த்தி எடுத்தால் மலை கொஞ்சம் மேலே வரும், வளைவின் கம்பீரம் குறையும். இரண்டில் எது வேண்டும் என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். நான் வைட் லென்ஸில் மலையை விட்டுவிடுவேன். அதற்கென்று ஒரு 24-70 மி.மீ. ஜூம் லென்ஸ் பையில் இருந்தால் பத்து நிமிடம் அதையும் போட்டு எடுத்துக்கொள்வேன், அவ்வளவுதான்.

எந்த மாதம் போவது நல்லது? எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்?

ஜூன் நடுவில் சூரியன் இரவு 8.45 வாக்கில் மறையும், டிசம்பர் நடுவில் மாலை 5 மணிக்கே. வுல்ஃப் ராஞ்ச் என்ற இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு நடக்க வேண்டும், போக வர சுமார் 5 கி.மீ., ஏற்றம் ஏறக்குறைய 150 மீட்டர். கிலோமீட்டர் கணக்கைப் பார்த்து எளிது என்று நினைக்க வேண்டாம், நடுவில் ஒரு நீளமான வெற்றுப் பாறைச் சரிவு, ஒரு நிழல் கிடையாது. கேமராப் பையோடு ஒரு மணியிலிருந்து ஒன்றேகால் மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பூங்கா வாசலிலிருந்து வண்டி நிறுத்துமிடத்துக்கே அரை மணி ஆகும், அங்கே இடம் கிடைக்காமல் காத்திருக்கவும் நேரலாம். சூரியன் மறைவதற்கு மூன்று மணி நேரம் முன்பே வாசலைத் தாண்டிவிடுவது என் வழக்கம். 2022 முதல் கூட்ட மாதங்களில் நேரம் குறித்து முன்பதிவு செய்யும் முறையும் வந்தது, விதி ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது, பூங்காவின் இணையதளத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

மாதம் என்றால், ஒளிக்காகச் சொல்கிறேன், அக்டோபர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை. கோடையில் சூரியன் வடமேற்கில் மறைகிறது, நீங்கள் தென்கிழக்கைப் பார்த்து நிற்கிறீர்கள், அப்போது வெயில் நேராக உங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து வரும். பாறை முழுவதும் ஒரே சீராக ஒளிரும், பார்க்க அழகு, படத்தில் கொஞ்சம் தட்டை. குளிர்காலத்தில் சூரியன் தென்மேற்குக்கு நகர்ந்துவிடும், வெயில் வலப்பக்கத்திலிருந்து குறுக்காக அடிக்கும், கிண்ணத்தின் ஒவ்வொரு வரியும் ஒவ்வொரு மேடும் நிழலோடு எழுந்து நிற்கும். வைட் லென்ஸுக்கு அந்தக் குறுக்கு வெயில்தான் உயிர். கூட்டமும் அப்போது குறைவு. கோடையில் 38 டிகிரியைத் தாண்டும் வெயிலில் ஏற வேண்டியிருக்கும் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

என் நிழல் படத்துக்குள் வந்து விழுகிறது, என்ன செய்வது?

கோடையில் இது நிச்சயம் நடக்கும். சூரியன் தொடுவானத்தைத் தொடும் நேரத்தில் ஒரு ஆளின் நிழல் பல பத்து மீட்டர் நீளும், 16 மி.மீ. லென்ஸோ கிடைமட்டத்தில் 97 டிகிரி பார்க்கும், தப்ப இடமே இல்லை. உட்காருங்கள். டிரைபாடைத் தரையோடு தரையாக இறக்கிவிட்டு, டைமர் வைத்துவிட்டுப் பக்கவாட்டில் நகர்ந்துவிடுங்கள், டிரைபாடின் சின்ன நிழலைப் பிறகு எளிதாக நீக்கிவிடலாம். விளிம்பு வளைந்து போகிற இடங்களில் உங்களுக்குப் பின்னால் ஏதாவது பாறைமேடு இருந்தால், அதன் நிழலுக்குள் உங்கள் நிழல் அடங்கிவிடும். அப்படி ஒரு இடத்தை வெயில் இருக்கும்போதே பார்த்து வையுங்கள்.

முன்னால் எதை வைப்பது? வெறும் பாறைதானே இருக்கிறது?

வெறும் பாறை என்று தோன்றும். முட்டி போட்டுக் கொஞ்ச நேரம் பாருங்கள். என்ட்ராடா மணற்கல் அது, ஜுராசிக் காலத்து மணல். அந்த மணல் படிந்த வரிகள் இன்னும் அப்படியே இருக்கின்றன, விரல் கனத்தில் ஒரு வரி, அதற்கு மேல் சாய்வாக வந்து வெட்டுகிற இன்னொரு வரி. வரியும் வரியும் சேரும் இடத்தில் மென்மையான பகுதி உதிர்ந்து மெல்லிய படி விழுந்திருக்கும், சாய்ந்த வெயிலில் அந்தப் படியின் ஓரம் மட்டும் செந்தணல் மாதிரி ஒளிரும். கைவைத்தால் உப்புத்தாள் போலச் சொரசொரக்கும், கையை எடுத்தால் சிவப்பு மணல் நாலு துகள் ஒட்டியிருக்கும். இந்த வரிகளில் ஏதாவது ஒன்று உங்கள் லென்ஸுக்கு முன்னால் தொடங்கி வளைவை நோக்கிப் போகிறதா என்று தேடுங்கள். கேமராவை முழங்கால் உயரத்துக்கு இறக்கினால் போதும், அரை அடி அகலமுள்ள வரி பெரிய பாதை மாதிரி விரியும்.

மழை பெய்த மறுநாள் போக வாய்த்தால் பாறைக் குழிகளில் தண்ணீர் நிற்கும். அதில் வளைவின் பிரதிபலிப்பு கிடைக்கிற கோணத்தைத் தேடலாம், லென்ஸ் தண்ணீரைத் தொடுகிற அளவுக்குக் கீழே போக வேண்டியிருக்கும். ஆனால் டிரைபாட் காலையோ உங்கள் காலையோ அந்தத் தண்ணீரில் வைக்காதீர்கள். அந்தச் சின்னக் குழிகளில் இறால் போன்ற சின்னஞ்சிறு உயிர்கள் வாழ்கின்றன, அவற்றின் முட்டைகள் குழி வற்றிய பிறகும் அடுத்த மழை வரை காய்ந்து கிடந்து தாங்கும். வழியில் கருப்பாகப் பொருக்குத் தட்டிய மண்ணையும் மிதிக்க வேண்டாம், அது உயிருள்ள மண், ஒரு தடம் ஆற பல ஆண்டுகள் பிடிக்கும்.

முன்னால் இருக்கும் வரியும் வளைவும் இரண்டும் துல்லியமாக வர எங்கே ஃபோகஸ் செய்வது?

ஃபுல் ஃபிரேமில் 16 மி.மீ., லென்ஸின் துவாரம் எஃப் 11 (எண் கூடக் கூடத் துவாரம் சிறிதாகும்) என்றால் கணக்குப்படி 80 செ.மீ. தூரத்தில் ஃபோகஸ் வைத்தாலே 40 செ.மீ. முதல் தொடுவானம் வரை தெளிவு கிடைக்கும். நான் கணக்கை அப்படியே நம்புவதில்லை, கொஞ்சம் தள்ளி ஒன்றரை மீட்டரில் வைக்கிறேன், அப்போது வளைவு இன்னும் கூர்மையாக வரும். 24 மி.மீ. லென்ஸில் இரண்டு மீட்டர். மேனுவலில் மாற்றிவிட்டு, திரையில் பெரிதாக்கி இரண்டு முனையையும் பார்த்துவிடுங்கள். எஃப் 22 வரை போகத் தேவையில்லை, படம் முழுவதும் லேசாக மழுங்கும்.

சிவப்பு நிறம் படத்தில் பூசினாற்போல வருகிறது, நேரில் அப்படி இல்லையே?

இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். மணல் துகள்களின் மேல் இரும்பு ஆக்சைடு பூச்சு இருக்கிறது, பாறை இயல்பிலேயே சிவப்பு. அதன்மேல் மாலை வெயிலும் சிவப்பு. கேமரா காட்டும் சாதாரண ஹிஸ்டோகிராம் (இடப்பக்கம் இருள், வலப்பக்கம் வெளிச்சம் என்று காட்டும் வரைபடம்) எல்லா நிறத்தையும் சேர்த்துக் காட்டும், அதில் இடம் மிச்சம் இருப்பதாகத் தெரியும், ஆனால் சிவப்பு மட்டும் எப்போதோ வலது சுவரில் முட்டியிருக்கும். முட்டிய பிறகு பாறையின் சொரசொரப்பு, வரி, நிழல் எதுவும் இல்லாமல் ஆரஞ்சுப் பூச்சாக மாறிவிடும். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமைப் போட்டுக்கொண்டு சிவப்பை மட்டும் பாருங்கள். முட்டினால் ஒளியைக் குறையுங்கள். பெரும்பாலும் அரை ஸ்டாப்பிலிருந்து ஒரு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாகும்) குறைக்க வேண்டியிருக்கும்.

ரா ஃபைலில் (கேமரா திருத்தாத மூலப் பதிவு) எடுங்கள், ஐஎஸ்ஓ, அதாவது ஒளி உணர்திறன், 100. நிறச் சமநிலையைத் தீர்மானிக்கும் ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விட்டால் கேமரா அந்தச் சூட்டை எல்லாம் தானே குளிர்வித்துவிடும், அதனால் வெயிலுக்கான அளவில், 5,200 கெல்வினை ஒட்டி வைத்துவிடுவேன். கடைசி வெயிலில் எஃப் 11-க்கு ஷட்டர் வேகம் நொடியில் பதினைந்தில் ஒரு பங்குக்கு அருகே வரும், டிரைபாட் இல்லாமல் சரிப்படாது. வீட்டில் எடிட் செய்யும்போது நிறத்தைக் கூட்டும் ஸ்லைடர் பக்கமே போகாதீர்கள், தேவையே இல்லை.

போலரைசர் போடலாமா? கிராஜுவேட்டட் ஃபில்டர்?

இரண்டும் வேண்டாம். வானத்தின் நீலத்தை அடர்த்தியாக்கும் ஃபில்டரான போலரைசர், சூரியனுக்குச் சரியாக 90 டிகிரி பக்கவாட்டில் உள்ள வானத்தைத்தான் அதிகம் கருப்பாக்கும். குளிர்கால மாலையில் வளைவுக்குப் பின்னால் இருப்பது அந்த 90 டிகிரி வானமேதான். வைட் லென்ஸ் அகலமாகப் பார்ப்பதால் நடுவில் கருநீலப் பட்டை, இரண்டு ஓரமும் வெளிர்நீலம் என்று வானம் திட்டுத்திட்டாக வரும், பிறகு சரிசெய்வது பெரும்பாடு. பாதி கருப்பு, பாதி தெளிவாக இருக்கும் கிராஜுவேட்டட் ஃபில்டரின் சிக்கல் வேறு. வளைவு தொடுவானத்துக்கு மேலே எழுந்து நிற்கிறது, ஃபில்டரின் கருப்புப் பாதி வானத்தோடு வளைவின் தலையையும் கருப்பாக்கும். சூரியன் பின்னாலோ பக்கவாட்டிலோ இருப்பதால் வானம் அவ்வளவு ஒன்றும் வெளிச்சமாக இருக்காது, ஒரு ரா ஃபைல் தாங்கும். பயமாக இருந்தால் ஒரு ஸ்டாப் கூட்டி ஒன்று, குறைத்து ஒன்று எடுத்து வையுங்கள்.

வளைவு பின்பக்கம் சாய்ந்து விழுவது போல வருகிறது.

கேமராவை அண்ணாந்து பிடித்திருக்கிறீர்கள். வைட் லென்ஸைக் கொஞ்சம் மேலே தூக்கினாலே செங்குத்துக் கோடுகள் உள்ளே சாயும். கேமராவை மட்டமாக வைத்து எடுங்கள், கீழே தரை அதிகமாக வந்தால் நல்லதுதான், அதைத்தானே தேடுகிறோம். உயரவாட்டில் பிடித்தால் இன்னும் எளிது. ஓரத்தில் ஆட்கள் நின்றால் அவர்கள் இழுபட்டு அகலமாகத் தெரிவார்கள், குடும்பத்தாரை எடுக்கும்போது நடுவில் நிறுத்துங்கள்.

எப்போதும் யாராவது வளைவின் கீழே நிற்கிறார்கள். ஆளே இல்லாத படம் எப்படி?

அங்கே எழுதாத ஒரு ஒழுங்கு இருக்கிறது. ஒவ்வொரு குடும்பமாகப் போய் வளைவின் கீழே நின்று படம் எடுத்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். நடுநடுவே பத்து இருபது நொடி காலியாகும், டிரைபாடை நிறுத்தி ஃபோகஸ் பூட்டிவைத்தவருக்கு அது போதும். யாராவது ரொம்ப நேரம் நின்றால் எதிர்ப்பக்கத்திலிருந்து கத்துகிறவர்களும் உண்டு, எனக்கு அது பிடிக்காது. அவரும் நம்மைப் போல அத்தனை தூரம் ஏறி வந்தவர்தான்.

ஒரு ஆள் இருப்பதே நல்லது என்றும் சொல்வேன். யாரும் இல்லாத படத்தில் அந்த வளைவு ஆறடியா அறுபதடியா என்று பார்ப்பவருக்குத் தெரியாது. அடியில் ஒருவர் நின்றால் அவரைப் போல ஒன்பது மடங்கு என்று கண் தானே அளந்துவிடும். சிவப்பு, ஆரஞ்சு, காவி உடுத்தியவர் பாறையோடு கரைந்துவிடுவார், வெள்ளையோ நீலமோ பளிச்சென்று தெரியும்.

சூரியன் மறைந்ததும் இறங்கிவிடலாமா?

தயவுசெய்து இருங்கள். கடைசிப் பத்து நிமிடத்தில் நிழல் கிண்ணத்தின் அடியிலிருந்து மேலேறும், தண்ணீர் ஏறுவது போலவே இருக்கும். முதலில் கிண்ணம் மூழ்கும், பிறகு வளைவின் கால்கள், பிறகு இடுப்பு. கடைசியில் தலையில் மட்டும் ஒரு செம்மை நின்று அணையும். அது அணைந்ததும் கைதட்டிவிட்டுக் கூட்டம் மொத்தமும் இறங்கத் தொடங்கும். இரண்டாவது தடவை நானும் எழுந்துவிட்டேன், பக்கத்தில் டிரைபாடோடு உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் அசையாமல் இருந்தார், அவரைப் பார்த்து நானும் உட்கார்ந்தேன்.

பத்து நிமிடம் கழித்துக் கிழக்கு வானத்தின் அடியில் ஒரு நீலச்சாம்பல் பட்டை எழுந்தது, அதற்கு மேலே இளஞ்சிவப்புப் பட்டை. அந்தச் சாம்பல் பூமியின் சொந்த நிழல், வளிமண்டலத்தில் விழுவது. மேற்கில் மிச்சமிருந்த வெளிச்சம் வானத்திலிருந்து திரும்பி வந்து பாறையில் பட்டது, எங்கும் நிழலே இல்லை, கிண்ணத்தின் எல்லா வரிகளும் உள்ளிருந்து ஒளிர்வது போல இருந்தன. எஃப் 11-இல் ஒரு நொடி, இரண்டு நொடி என்று எடுத்தேன். என் மூன்று பயணங்களிலும் சுவரில் மாட்டத் தகுதியான ஒரே படம் அப்போது எடுத்ததுதான். இளஞ்சிவப்புப் பட்டை வானம் முழுக்க நீள்வதால் அதை அள்ளுவதற்கும் வைட் லென்ஸ்தான் சரி.

செல்போன் போதுமா?

போதும், அல்ட்ரா வைட் உள்ள போன்கள் பெரும்பாலும் 13 மி.மீ.-ஐ ஒட்டி இருக்கும். அது நான் சொன்ன லென்ஸைவிடவும் அகலம், ஆகவே இன்னும் கிட்டே போங்கள். வெளிச்சம் குறைந்த பிறகு அல்ட்ரா வைட் சென்சார் திணறும், அப்போது போனின் முதன்மை கேமராவுக்கு மாறிவிடுங்கள். போனை ஒரு பாறையில் சாய்த்து வைத்து எடுத்தால் நல்ல தெளிவு கிடைக்கும்.

அப்பா அம்மாவால் அவ்வளவு தூரம் ஏற முடியாது. கீழே பார்வையிடம் இருக்கிறதே, அங்கிருந்து எடுக்கலாமா?

பார்க்கலாம், அழைத்துப் போங்கள். வண்டி நிறுத்தி நூறு கெஜம் நடந்தால் கீழ்ப் பார்வையிடம். ஆனால் வளைவு அங்கிருந்து ஒரு மைல் தள்ளி இருக்கிறது, வைட் லென்ஸில் புள்ளிகூட ஒழுங்காகத் தெரியாது, 200 மி.மீ. லென்ஸிலேயே படத்தின் உயரத்தில் பன்னிரண்டில் ஒரு பங்குதான். ஒரு பைனாகுலர் கொண்டுபோனால் அவர்களுக்கு அதுதான் மகிழ்ச்சி. வைட் லென்ஸ் ஆசை இருந்தால் அதே பூங்காவில் விண்டோஸ் பகுதியில் இருக்கும் வளைவுகளுக்குக் கொஞ்ச தூரம் நடந்தாலே போதும்.

நிலா, நட்சத்திரம்?

வைட் லென்ஸில் நிலா வெறும் புள்ளி, அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். பௌர்ணமிக்கு முந்தைய நாள் கோடையில் போனால் மறையும் வெயிலும் தென்கிழக்கில் எழும் நிலாவும் ஒன்றாகக் கிடைக்கலாம், அது ஒரு சின்ன அணிகலன். நட்சத்திரம் வேறு விஷயம். 2019-இல் இந்தப் பூங்காவுக்குச் சர்வதேச இருள்வானப் பூங்கா என்ற அங்கீகாரம் கிடைத்தது, அமாவாசையை ஒட்டிய கோடை இரவில் பால்வீதி வளைவுக்குப் பின்னால் தெற்கில் எழுந்து நிற்கும். எஃப் 2.8, 20 நொடி, ஐஎஸ்ஓ 3200 என்று தொடங்குங்கள்.

இருட்டில் டார்ச் அடித்து வளைவுக்கு ஒளி கொடுக்கலாமா? ட்ரோன்?

இரண்டுக்கும் தடை. வளைவின் மேல் ஏறுவதும் கூடாது. 2000-ஆம் ஆண்டில் ஒரு புகைப்படக்காரர் இரவில் வளைவுக்கு ஒளியூட்ட அதன் அருகே கட்டைகளைக் கொளுத்தினார், பாறையில் எண்ணெய்க் கறை படிந்தது, வழக்கு நடந்து தண்டனையும் ஆனது. அதை நினைத்தால் எனக்கு இன்னும் வேதனையாக இருக்கிறது. அங்கே கிடைக்கிற வெளிச்சத்தில் வராத படம் நமக்கு வேண்டாம்.

அது ஒருநாள் விழுந்துவிடுமா?

விழும். எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது. அதே பூங்காவில் வால் ஆர்ச் 2008 ஆகஸ்டில் ஓர் இரவில் சரிந்தது. லேண்ட்ஸ்கேப் ஆர்ச்சின் அடியிலிருந்து 1991-இல் பெரிய பாளம் ஒன்று பெயர்ந்து விழுந்தது. நிலத்தடியில் இருந்த தடிமனான உப்புப் படுகை மேலிருந்த பாறையை உப்பவும் நொறுங்கவும் வைத்தது, விரிசல்கள் மதில்களாகப் பிரிந்தன, மதில்களில் நீர் புகுந்து உறைந்து உறைந்து ஓட்டை போட்டது, அந்த வேலை இன்னும் நிற்கவில்லை. 1950-களில் டெலிகேட் ஆர்ச்சுக்கு நிறமில்லாத பிளாஸ்டிக் பூச்சு பூசிக் காப்பாற்றலாமா என்றுகூட யோசித்தார்கள், பிறகு கைவிட்டார்கள். கைவிட்டதுதான் சரி என்பது என் கருத்து.

பையில் என்னென்ன வேண்டும்?

ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், வழியில் எங்கும் கிடைக்காது. வைட் லென்ஸ் ஒன்று, கனமில்லாத டிரைபாட், லென்ஸ் துடைக்கும் துணி இரண்டு, ஏனென்றால் விளிம்பில் காற்று அடித்தால் நுண்மணல் லென்ஸின் முன் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும், அதைத் துணியால் தேய்க்காமல் முதலில் ஊதிவிட்டுத்தான் துடைக்க வேண்டும். லென்ஸை வெளியில் மாற்ற வேண்டாம். சூரியன் மறைந்ததும் சட்டென்று குளிரும், ஒரு மேல்சட்டை.

எல்லாவற்றையும்விட நெற்றி விளக்கு. ஆளுக்கு ஒன்று, புது பேட்டரியோடு. திரும்பும்போது முதல் இருநூறு கெஜம் பாறையில் வெட்டிய குறுகலான விளிம்புப் பாதை, அதைத் தாண்டினால் தடமே தெரியாத வெற்றுப் பாறைச் சரிவு. அங்கே வழிகாட்டுவது அடுக்கி வைத்த சின்னக் கற்குவியல்கள் மட்டும்தான். ஒரு குவியலில் நின்று அடுத்த குவியல் விளக்கு வெளிச்சத்தில் தெரிந்த பிறகுதான் காலை எடுத்துவையுங்கள். தெரியவில்லையென்றால் பின்னால் வருகிறவர் வரும்வரை அங்கேயே நில்லுங்கள்.